பின்னால் ஒரு விரற்கடை

காலை ஏழு ஐம்பதுக்குத்தான் குருக்கள் வந்து சேர்ந்தார். அதற்குள் காரின் முன்விளக்குகள் ஒரு மணி நேரமாக எரிந்துகொண்டிருந்தன.

விளக்கைப் போடச் சொன்னவர் யோகம், வக்கீல் அம்பலவாணரின் மனைவி. பூசைக்கு நிற்கும் வண்டி கண் திறந்து நிற்க வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். எஞ்சினை நிறுத்தச் சொன்னவள் கோயில் வாசலில் பூ விற்கும் பூவம்மா.

"புகையெல்லாம் என் மல்லிகை மேலதான் வருது. பிள்ளையாருக்குப் பெட்ரோல் வாசத்துல மாலை கட்டிப் போடவா?"

டிரைவர் தங்கராஜு இரண்டு பேர் சொன்னதையும் கேட்டான். சுவிட்சைப் போட்டான். சாவியைத் திருப்பினான். இறங்கி நின்றான்.

கார் வக்கீல் வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விற்ற வண்டி. சாம்பல் நிறம், கப்பல் மாதிரி நீளம். கிளட்ச் கிடையாது. ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு லீவர் மட்டும். அதை 'பி'யில் வைத்தால் வண்டி நிற்கும். 'என்'னில் வைத்தால் உருளும். தங்கராஜு பதினாறு வருடம் செங்கல் லாரி ஓட்டியவன். அவனுடைய இடது கால் மூன்று நாளாக இல்லாத கிளட்சைத் தேடிக்கொண்டிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்பலவாணர் அவனிடம் ஒன்று சொல்லியிருந்தார். ஆறு வருடத்துக்கு முன் அவருடைய முதல் காருக்கும் இதே கோயிலில்தான் பூசை நடந்தது. பூசை முடிந்து வண்டியை எடுத்தபோது அன்றைய டிரைவருக்குக் கியர் மாறி விழுந்தது. வண்டி பின்னால் போனது. இரண்டு அடி. நாற்பத்தோராம் நாள் மூத்த மகன் சிவமணி அந்த வண்டியில் போய், சுவா சூ காங் சாலையில் ஒரு ரப்பர் மரத்தில் மோதி இறந்தான்.

"நான் இதுகளை நம்பிறேல்லை" என்றார் அம்பலவாணர். "ஆனா அவ அந்த ரெண்டு அடியை விட்டு இன்னும் வெளியில வரேல்லை. இந்தக் கார் சின்னவன் பசுபதிக்கு. வாற கிழமை அவன் கொலிஜுக்குப் போகத் தொடங்கிறான். பூசை முடிஞ்சா வண்டி முன்னுக்குத்தான் போகவேணும். விளங்குதோ?"

தங்கராஜுவுக்கு விளங்கியது. அதனால்தான் இன்று விடியலில் சந்தின் மேல் கோடி வரை ஏறிப் போய், தெருக்குழாய்க்குப் பக்கத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்தியிருந்தான். மவுண்ட் எமிலி மேட்டுச் சரிவில் அந்தச் சந்து ஒரு கார் அகலம்தான். இரு பக்கமும் ஆழமான லோங்காங் வடிகால், அதில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கோயிலுக்கு மேலே பன்னிரண்டு வீடுகள். அதற்கப்பால் வழி இல்லை. இந்த இறக்கத்தில் நின்ற வண்டி பின்னால் போக வேண்டுமென்றால் யாராவது தூக்கித்தான் போட வேண்டும். அப்படி நினைத்து நிம்மதியாக இருந்தான்.

குருக்கள் மந்திரத்தை விரட்டினார். சந்தனம், குங்குமம், சூடம். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம். யோகம் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். தாம்பாளத்தில் பசுபதிக்காக எடுத்த புது வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது.

"எடும், தங்கராஜு."

சாவியைத் திருப்பினான். டிக் என்று ஒரு சத்தம். மறுபடி திருப்பினான். அந்தச் சத்தமும் இல்லை. வண்டிக்கு முன்னால் சுவரில் விழுந்திருந்த விளக்கு வெளிச்சம் பழுத்து, சிவந்து, அணைந்தது.

"பேட்டரி செத்துப்போச்சுங்க ஐயா" என்றான்.

"பயமில்லை. இறக்கம்தானே. உருட்டி விடும்" என்றார் வெளியே நின்ற அம்பலவாணர்.

தங்கராஜு லீவரைப் பிடித்து 'என்'னுக்கு இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். லீவர் வளைவது போல இருந்தது, ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை. அப்போதுதான் சீட்டுக்குப் பக்கத்தில் பார்த்தான். ஹேண்ட்பிரேக் கீழே படுத்துக் கிடந்தது.

அவன் அதைப் போடவே இல்லை.

வெள்ளைக்காரர் கொடுத்த புத்தகத்தை அம்பலவாணர் முதல் நாள் அவனுக்கு வாசித்து விளக்கியிருந்தார். முதலில் ஹேண்ட்பிரேக். பிறகு 'பி'. அவனும் தலையாட்டினான். ஆனால் லாரியில் ஹேண்ட்பிரேக் கயிற்றை யார் நம்பினார்கள்? மேட்டில் நிறுத்தினால் கியரில் போட்டுவிட்டு இறங்குவதுதான் வழக்கம். கியரை நம்பு, கயிற்றை நம்பாதே என்பார்கள். இன்று காலை கை அந்தப் பழைய வழக்கத்தில் போய்விட்டது. இப்போது வண்டியின் எடை முழுவதும் கியர் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொக்கியின் மேல் தொங்குகிறது. எடை விலகினால்தான் கொக்கி விடும். எடை விலக வண்டி ஒரு விரற்கடையாவது மேலே ஏற வேண்டும்.

மேலே என்றால் பின்னால்.

அவன் வாயைத் திறப்பதற்குள் மேலிருந்து ஹாரன் கேட்டது. விட்டு விட்டு அல்ல. கையை எடுக்காமல்.

ஒரு ரொட்டி வேன் இறங்கி வந்து காருக்குப் பின்னால் இரண்டு முழம் தள்ளி நின்றது. அதை ஓட்டிய ரவூப் இறங்கி ஓடி வந்தான். பன்னிரண்டு வீடுகளில் கடைசி வீட்டுக்காரன். கட்டம் போட்ட கைலி, மேலே பனியன், பனியனில் ரத்தம்.

"அண்ணே, வண்டிய எடுங்க. என் தங்கச்சி உள்ள கிடக்குறா. எட்டு மாசம். தண்ணி மாதிரி ரத்தம் போகுது."

"ஸ்டார்ட் ஆகலப்பா."

"ஸ்டார்ட் ஆகலன்னா உருட்டி விடுங்க! என்னண்ணே, கல்யாண மாப்பிள்ளை மாதிரி குங்குமத்த வச்சிக்கிட்டு நிக்குது!"

"கியர் மாட்டிக்கிச்சு."

வேனின் பின்கதவு திறந்தது. உள்ளே ரொட்டித் தட்டுகளை எடுத்துவிட்டு மெத்தை போட்டிருந்தார்கள். கதீஜா அதில் கண்ணை மூடிக் கிடந்தாள். அவள் காலுக்கடியில் தலையணைகள். பக்கத்தில் ஒரு மலாய் மருத்துவச்சி மண்டியிட்டிருந்தாள். பூவம்மா எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கட்டில்ல வச்சு நாலு பேரு தூக்கிட்டுப் போயிடலாமே" என்றார் குருக்கள். "கேகே ஆஸ்பத்திரி இந்தா, ரோட்டைத் தாண்டினா."

"ஜாங்கான் அங்காட்!" என்று கத்தினாள் மருத்துவச்சி. தூக்காதே. அசைக்கவும் விடமாட்டேன் என்பது போலக் கதீஜாவின் இடுப்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். "வீட்டிலிருந்து மெத்தையோடு இவ்வளவு தூரம் எடுத்ததற்கே எத்தனை ரத்தம் போயிற்று, பார்" என்று மலாயில் ரவூபைத் திட்டினாள். அவள் மடியிலிருந்த இரண்டாவது கைலியும் நனைந்திருந்தது.

"ஆம்புலன்ஸுக்குக் காப்பிக் கடையில போன் பண்ணப் போயிருக்காங்க" என்றான் ரவூப். "வந்தாலும் இந்தக் காருக்கு அந்தப் பக்கம்தான் வந்து நிக்கும். அண்ணே, நான் என் வேனால பின்னாடி முட்டித் தள்ளிடறேன்."

"வேணாம்!"

"முட்டட்டும்" என்றார் யோகம் உள்ளேயிருந்து. "முன்னுக்குத்தானே போகும். முட்டச் சொல்லும்."

"அம்மா, முன்னால தள்ளத் தள்ள கொக்கி இன்னும் இறுகும்மா…"

ரவூப் கேட்க நிற்கவில்லை. ஓடிப்போய் வேனில் ஏறினான். பம்பர் பம்பரில் உரசியது. காருக்கு அடியில் டக் என்று ஒரு சத்தம். கார் நகரவில்லை. வேனில் கதீஜா ஒரு முறை முனகினாள். மருத்துவச்சி வேன் தகட்டில் ஓங்கி அறைந்தாள். ரவூப் வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

தங்கராஜு லீவரைத் தொட்டுப் பார்த்தான். முன்பு மயிரிழை ஆட்டமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

அம்பலவாணர் ஜன்னலில் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"என்ன செய்யலாம்? உண்மையைச் சொல்லும்."

"ஏழெட்டுப் பேரு முன்னால நின்னு மேல தள்ளணுங்க ஐயா. ஒரு விரல் ஏறினா போதும். நான் லீவரை எடுத்துடுவேன்."

"மேல எண்டால்?"

தங்கராஜு கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். பின்சீட்டில் தாம்பாளம் அசைந்தது.

"பின்னுக்கோ?" என்றார் யோகம்.

"ஒரு விரல்தாம்மா."

"ஏலாது."

"யோகம்…" என்றார் அம்பலவாணர்.

"ஏலாது எண்டு சொன்னனான். எனக்கு இனி ஒரு பிள்ளைதான் இருக்கு. வேற வழி பாக்கச் சொல்லுங்கோ."

வேறு வழி ஒன்று இருந்தது. தங்கராஜு ஹேண்ட்பிரேக்கை மேலே இழுத்தான். டிக்கியிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்தான். சட்டையைக் கழற்றிப் பூவம்மாவின் கூடை மேல் போட்டான்.

"எங்கண்ணே போறீங்க?" என்றாள் பூவம்மா.

"அடியில."

"பிரேக் பிடிக்குமா?"

"பாப்போம்."

மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் நுழைந்தான். தார் இன்னும் ஈரமாக இருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து இறங்கும் கம்பி கியர் பெட்டியின் பக்கத்தில் ஒரு சிறு இரும்புக் கையில் போய் முடிந்தது. அந்தக் கையை நேரடியாக அடித்துத் தள்ளினால் கொக்கி விடலாம். விட்டால் வண்டியைப் பிடிக்க ஹேண்ட்பிரேக் கயிறு ஒன்றுதான். மூன்று நாள் பழகிய கயிறு. சக்கரங்கள் அவன் விலாவுக்கு இரு பக்கமும் நின்றன. பதினாறு வருடம் நம்பாததை இப்போது நம்பிப் படுத்திருந்தான்.

அடித்தான். மேலே வண்டி முழுவதும் மணி மாதிரி அதிர்ந்தது. இன்னொன்று. இரும்புக் கை அசையவில்லை. மூன்றாவது அடியில் கம்பி லேசாக வளைந்தது. அவன் நிறுத்தினான். இன்னொரு அடி விழுந்தால் கம்பி மடங்கும். மடங்கினால் நூறு பேர் வந்து தள்ளினாலும் லீவர் வேலைக்காகாது.

அப்படியே கிடந்தான். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. செருப்பில்லாத இரண்டு கால்கள் தரையில் இறங்கின. பாதத்தில் மஞ்சள். அவை காரின் பின்பக்கமாக மேட்டில் ஏறிப் போயின. வேனின் பின்கதவருகே நின்றன. அந்தக் கதவுக்குக் கீழே தார் மேல் சொட்டியிருந்ததையும் அவன் படுத்த இடத்திலிருந்து பார்க்க முடிந்தது. கால்கள் அதை மிதிக்காமல் ஓரடி விலகி நின்றன. வெகுநேரம் நின்றன என்று அவனுக்குத் தோன்றியது. ஒரு நிமிடம் கூட இருந்திருக்காது.

அவன் வெளியே வந்தபோது யோகம் திரும்பி வந்துகொண்டிருந்தார். கையில் தாம்பாளம் இருந்தது. அதில் வேட்டி இல்லை.

"எத்தினை பேர் வேணும்?" என்றார்.

"எட்டுப் பேரும்மா."

குருக்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். மேல் வீடுகளிலிருந்து நான்கு ஆண்கள் வந்திருந்தார்கள். ரவூப். அம்பலவாணர் கோட்டைக் கழற்றிச் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் கோயில் படியில் வைத்தார்.

"ஏழு" என்றான் தங்கராஜு.

பூவம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். யோகம் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினார். தாம்பாளத்தை அவளிடம் கொடுத்தார். பானட்டுக்கு முன்னால் போய் நின்று, குங்குமம் வைத்த இடத்துக்கு இரு பக்கமும் உள்ளங்கைகளைப் பதித்தார்.

"யோகம், நீர் ஏன்? விடும். ஆம்பிளையள் நிக்கினம்."

"மற்ற ஆக்கள் தள்ளினா, பிறகு அவையளைத்தான் குற்றம் சொல்லுவன். இஞ்சருங்கோ, கையை வையுங்கோ."

தங்கராஜு உள்ளே ஏறினான். சாவியைத் தொடவில்லை. ஹேண்ட்பிரேக்கை விட்டான். பிரேக் பெடலை மிதித்துப் பார்த்தான். எஞ்சின் ஓடாத வண்டியில் அது மரக்கட்டை மாதிரி இருந்தது.

"எல்லாரும் கேளுங்க" என்றான். "கொக்கி விட்டதும் வண்டி உங்க மேலதான் வரும். நான் பிரேக்கைப் பிடிப்பேன். ஆனா அதை நம்பி நிக்காதீங்க. விலகுன்னா விலகிடணும்."

"உங்க பிரேக்க நம்ப வேணாங்கறீங்க, உங்க வாயை நம்பணுமாக்கும்" என்றான் ரவூப்.

"தள்ளுங்க!"

எட்டு முதுகுகள் வளைந்தன. கார் முனகியது. ஸ்பிரிங் அழுந்தி எழுந்ததே தவிர சக்கரம் புரளவில்லை. அவன் லீவரை இழுத்தான். வரவில்லை. குருக்களின் கால் வழுக்கி முழங்காலில் விழுந்தார்.

"நிறுத்துங்க. மூச்சு வாங்குங்க."

வேனிலிருந்து மருத்துவச்சியின் குரல் வந்தது. "செபாட்! செபாட்!" சீக்கிரம் என்கிறாள். இப்போது அவள் கத்தவில்லை. கெஞ்சினாள். அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

கண்ணாடிக்கு அப்பால் யோகத்தின் முகம் இரண்டு முழ தூரத்தில் இருந்தது. நெற்றியில் வியர்வையில் குங்குமம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு, ரெண்டு… தள்ளுங்க! விடாதீங்க! இன்னும்! இன்னும்!"

வண்டி ஏறியது. கண்ணால் பார்க்கவில்லை; இருக்கையில் உணர்ந்தான். லீவர் திடீரென்று லேசானது. வெண்ணெயில் கத்தி போல 'என்'னுக்கு வந்து விழுந்தது.

"விலகு!"

வலது கால் பெடலில் இறங்கியது. கட்டை. போதவில்லை. வண்டி முன்னால் சரியத் தொடங்கியது. அந்த நொடியில் அவனுடைய இடது கால், மூன்று நாளாக இல்லாத கிளட்சைத் தேடிய கால், தானாகவே பாய்ந்து இறங்கியது. அகலமான பிரேக் பெடலின் மேல் இரண்டு பாதமும் சேர்ந்து விழுந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டை விட்டு எழுந்து நின்றான். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி நின்றது.

பானட்டுக்கு முன்னால் யோகம் மட்டும் நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் லோங்காங் ஓரமாகத் தாவியிருந்தார்கள். அம்பலவாணர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். அவர் நகர்ந்தார்.

தங்கராஜு காலைக் கொஞ்சம் தளர்த்தினான். கார் சத்தமில்லாமல் இறங்கியது. எஞ்சின் இல்லாத வண்டி இத்தனை அமைதியாக ஓடும் என்று அவனுக்குத் தெரியாது. ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. சந்து வாயில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர் நின்றார்கள். ஹாரனை அழுத்தினான், சத்தம் வரவில்லை. தலையை வெளியே நீட்டிக் கத்தினான். அவர்கள் ஒதுங்கினார்கள். இரண்டு கையாலும் வலப்பக்கம் ஒடித்து, கடைவரிசையின் அஞ்சடி நடைபாதைக்கு முன்னால் வண்டியை ஏற்றி நிறுத்தினான்.

ரொட்டி வேன் அவனை உரசிக்கொண்டு போனது. பின்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அந்தப் புது வேட்டியாக இருக்கலாம். மருத்துவச்சியின் முதுகும் தெரிந்தது. கதீஜா தெரியவில்லை. வேன் இடப்பக்கம் திரும்பியது. ஹாரன் சத்தம் சிறிது தூரம் கேட்டது, பிறகு சாலையின் மற்றச் சத்தங்களோடு கலந்துவிட்டது.

அவன் ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். கடைசிப் பல் வரை இழுத்தான். பிறகு லீவரை 'பி'யில் வைத்தான். இறங்கினான். கார் கதவைப் பிடித்துக்கொண்டான்.

யோகம் சந்து வழியே மெதுவாக நடந்து வந்தார். இன்னும் செருப்புப் போடவில்லை. அம்பலவாணர் மேலே கோயில் படியில் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். யோகத்தின் உள்ளங்கைகளில் காரின் அழுக்கும் குங்குமமும் சேர்ந்து கறுத்திருந்தன. அவர் காரைப் பார்க்கவில்லை. வேன் போன பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"அம்மா" என்றான் தங்கராஜு. "தப்பு என்னுது. காலையில ஹேண்ட்பிரேக் போடாம விட்டுட்டேன். போட்டிருந்தா இவ்வளவும்…"

"அதை ஐயாட்டைச் சொல்லும்."

அவர் பக்கத்தில் வந்து நின்றார். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். டயர் பள்ளங்களில் எலுமிச்சந்தோல் ஒட்டியிருந்தது. கொக்கி விட ஒரு விரற்கடை போதும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு விரற்கடைதான் ஏறியதா, ஒரு சாண் ஏறியதா என்று தெரியாது. அவன் அப்போது லீவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தள்ளியவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்திருந்தார்கள். அவர் மட்டும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு ரெண்டு அடி" என்றார் யோகம். "இண்டைக்கு எவ்வளவு, தங்கராஜு?"